கொக்கி ஊசிக்கு ஏற்ற நூல்

1900-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, எண்பது பிராயத்தை எட்டியவரும், பார்வை மங்கிப்போனதால் கடிதங்களைக்கூடப் பிறர் படிக்கக் கேட்டுவந்தவருமான விக்டோரியா மகாராணி, காக்கி நிறக் கம்பளி நூலை மடியில் வைத்துக்கொண்டு, கொக்கி ஊசி ஒன்றினால் எட்டு ஸ்கார்ஃபுகளைத் தம் கையாலேயே பின்னினார். ஏறக்குறைய 9 அங்குல அகலமும் 5 அடி நீளமும் கொண்ட அந்த எட்டும் சேனாதிபதிகளுக்கோ பிரபுக்களுக்கோ போகவில்லை; பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த நால்வருக்கும், கனடா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய குடியேற்ற நாடுகளின் படைகளிலிருந்து ஒவ்வொருவருக்குமாக, சாமானிய வீரர்களின் கழுத்துக்கே அவை போய்ச் சேர்ந்தன. கனடாவின் ரிச்சர்ட் ரோலண்ட் தாம்ஸன் பெற்ற ஸ்கார்ஃப் இன்றைக்கும் ஒட்டாவா நகரத்துப் போர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இதை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் ராஜபக்தி அன்று. அந்த யுத்தத்தின் நியாய அநியாயங்களை எடைபோடவும் இது இடமல்ல. கண் சரியாகத் தெரியாத ஒரு மூதாட்டி, நேராக நீண்டு செல்லும் ஒரு பட்டையைக் கம்பளி நூலில் பின்னத் தேர்ந்தெடுத்தார் என்பதில், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா வேலையை இன்று புதிதாகப் பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல யோசனை அடங்கியிருக்கிறது. விரல் நுனியின் ஸ்பரிசத்தாலேயே கண்ணியைக் கண்டுபிடிக்கும்படி நூல் பருமனாக இருந்துவிட்டால், வேலையில் பாதிச் சிரமம் ஆரம்பிக்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது. நம் ஊரில் இதைக் கற்க ஆசைப்படுபவர்களில் பெரும்பாலோர் இதற்கு நேர் விரோதமான திசையில் புறப்பட்டு, மெல்லிய வெள்ளை நூலையும், முனை கண்ணுக்குத் தெரியாத எஃகு ஊசியையும் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் கழுத்து வலியும் தலைவலியும் சம்பாதித்து, ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று ஊசியைத் தையல் பெட்டியின் அடியில் போட்டுவிடுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் கைவேலை நம்மிடம் வந்து சேர்ந்த விதம் அப்படி. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பிரபலமான குரோஷா, பணக்காரர்கள் மட்டுமே வாங்கக்கூடியதாயிருந்த லேஸ் துணிகளுக்கு ஒரு மலிவான மாற்றாகவே மதிப்புப் பெற்றது. 1845-இல் தொடங்கி அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது கன்னியாஸ்திரீகளும் பாதிரிமாரின் மனைவியரும் ஏழைப் பெண்களுக்கு இதைக் கற்பித்து, குடும்பங்கள் உயிர் பிழைக்க ஒரு மார்க்கம் ஏற்படுத்தினார்கள். குளோன்ஸ் என்னும் சிற்றூரில் பாதிரியார் ஒருவரின் மனைவியான கஸாண்ட்ரா ஹேண்ட் 1847-இல் ஆரம்பித்துவைத்த வேலை இன்றளவும் ‘குளோன்ஸ் லேஸ்’ என்று அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகிறது. அதே நூற்றாண்டில் மிஷனரிகள் மூலமாகக் கோதாவரிக் கரைக்கு வந்து, ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதியில் வேரூன்றியதும் இந்தக் குரோஷா லேஸ்தான். 2024-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நரசாபுரத்து லேஸைப் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அயல்நாட்டுச் சந்தைக்காக நாள் முழுதும் விரல் தேய உழைத்தும், ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’ என்றே கணக்கில் எழுதப்பட்டவர்களின் கதை அது. தெற்கே நாகர்கோவிலில் 1820-களை ஒட்டி லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் கற்பித்த லேஸ், திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களைக் குறுக்கும் நெடுக்கும் மாற்றிச் செய்யும் வேறொரு ஜாதி; கொக்கிக்கு அதில் வேலையில்லை. ஆனாலும் வெண்ணூலில் செய்யும் நுண்ணிய வேலையே உயர்ந்த கைவேலை என்ற ருசியை அதுவும் சேர்ந்தே வளர்த்தது.

பிறகு கான்வென்ட் பள்ளிக்கூடங்களின் கைவேலை வகுப்பு வழியாக இது நம் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. ரேடியோப் பெட்டியின்மேல் விரித்த வெள்ளை விரிப்பையும், தலையணை உறையின் ஓரத்தில் ஓடும் பூவேலையையும், தண்ணீர்ச் சொம்பை மூடும் வட்டமான வலைத் துணியின் விளிம்பில், காற்றில் பறக்காமலிருக்கப் பாசிமணி கோத்துத் தொங்கவிட்டிருப்பதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, குரோஷா என்றதும் மனக்கண்ணில் தோன்றுவது ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு ஊசியும் நாற்பதாம் நம்பர் நூலும்தானே? அவை அழகான சாமான்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் பாடத்துக்கு உரியவை அல்ல. முதல் பாடத்துக்கு உரியது ஸ்கார்ஃப், அல்லது நாம் மார்கழி மாதத்தில் தலையையும் காதையும் சுற்றிக் கட்டிக்கொள்கிற மஃப்ளர். முன்னும் பின்னும் திரும்பித் திரும்பி ஒரே பின்னலைப் போட்டுக்கொண்டு போவதைத் தவிர அதில் வேறு கணக்கில்லை. அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். உடம்புக்கு அளவெடுக்கவும் வேண்டாம்.

குரோஷாவையும், இரண்டு நீண்ட ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னும் நிட்டிங்கையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் உண்டு. நிட்டிங்கில் ஒரு வரிசையின் அத்தனை கண்ணிகளும் ஊசியின்மேல் உயிரோடு காத்திருக்கும். ஒன்று நழுவினால் அது ஏணி இறங்குவதுபோல் கீழ்வரை அவிழ்ந்துகொண்டே போய்விடும். குரோஷாவிலோ எந்தச் சமயத்திலும் ஊசியில் இருக்கும் உயிருள்ள கண்ணி பெரும்பாலும் ஒன்றே. மற்றவை யாவும் அந்தந்த இடத்திலேயே பூட்டப்பட்டுவிடுகின்றன. பஸ்ஸில் போகும்போது ஊசி கை நழுவிக் கீழே விழுந்தாலும் ஒரு கண்ணிக்குமேல் நஷ்டமில்லை. தப்பு நேர்ந்துவிட்டால் நூலின் நுனியைப் பிடித்து இழுத்து, தப்பின் இடம்வரை அவிழ்த்து, மறுபடி ஆரம்பிக்கலாம். இவ்வளவு பொறுமையுள்ள கைத்தொழில் வேறொன்று உண்டா என்பது சந்தேகம். இன்னொரு விசேஷமும் உண்டு. ஆலைகளில் ‘குரோஷா இயந்திரம்’ என்று பெயர் பெற்றவை செய்வது உண்மையில் வேறு வகைப் பின்னல். கடையில் தொங்கும் அசல் குரோஷா உடுப்பு எதுவாயினும் அதன் ஒவ்வொரு கண்ணியும் எங்கோ ஒருவருடைய விரல்களில் பிறந்தது. அதை அதிசய மலிவு விலைக்குப் பார்க்கும்போது, அந்த விரல்களுக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி ஊசியைக் கவனிப்போம். கொக்கி ஊசி பார்வைக்கு ஒரு குச்சிதான். ஆனால் அதன் உறுப்புக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் உண்டு. நூலைக் கவ்வும் தலை, தலைக்குக் கீழே குடைந்திருக்கும் தொண்டை, கண்ணிகள் வந்து தங்கும் தண்டு, பெருவிரல் அழுந்துவதற்கென்று தட்டையாக்கிய இடம், பிறகு கைப்பிடி என்று வரிசையாக அமைந்திருக்கின்றன. கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது தண்டின் பருமன். தொண்டையின் ஒடுக்கத்திலேயே கண்ணியை இறுக்கிப் பின்னுகிற பழக்கம் படிந்துவிட்டவர்கள், ஐந்து மில்லிமீட்டர் ஊசியை வைத்துக்கொண்டு நாலு மில்லிமீட்டருக்கு உரிய துணியைப் பின்னிவிட்டு, ‘சொன்ன அளவு வரவில்லையே’ என்று விசாரப்படுவார்கள். கண்ணியைத் தண்டுவரை நன்றாக ஏறவிட்டுப் பிறகு நூலை இழுப்பதே கிரமமான வழி.

தலையின் அமைப்பிலும் இரண்டு சம்பிரதாயங்கள் இருக்கின்றன. தண்டின் பருமனுக்குள்ளேயே அடங்கி, கத்தியால் செதுக்கியதுபோல் ஆழமான வெட்டுள்ள தலை ஒன்று. சற்றே உருண்டு, தொண்டை படிப்படியாக ஒடுங்கிவரும் தலை மற்றொன்று. முன்னது நூலை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். பின்னது கண்ணிக்குள் வழுக்கிக்கொண்டு நுழையும். எது உயர்ந்தது என்று வாதிட்டு முடிவு கண்டவர் இல்லை. இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிப் பார்த்துவிடுவது வாதத்தைவிடச் செலவு குறைவு. எஃகு, மெல்லிய நூல் வேலைக்கான சிறிய ஊசிகளுக்கு உகந்தது; ஸ்கார்ஃபுக்கான ஊசிகள் பெரும்பாலும் அலுமினியத்தில் கிடைக்கின்றன. மூங்கில் ஊசி கைக்கு லேசாகவும் இதமாகவும் இருக்கும், வழுக்கும் நூலைச் சற்றுப் பிடித்தும் நிறுத்தும். ஆனால் வேர்க்கும் கையும் செயற்கை நூலும் சேர்ந்தால் அது நகர மறுத்துக் கிறீச்சிடும். நம் கோடைக்கு அலுமினியமே என் சிபாரிசு. கைப்பிடியில் ரப்பர் உறை போட்டது கிடைத்தால் இன்னும் சௌகரியம்.

அளவு விஷயத்தில் நம்ப வேண்டியது மில்லிமீட்டர் ஒன்றையே. அமெரிக்கர்கள் எழுத்துக்களால் குறிப்பிடுவார்கள். அவர்களுடைய ‘ஹெச்’ என்பது ஐந்து மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் கணக்கிலோ நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 6-ஆம் நம்பர் ஐந்து மில்லிமீட்டராயிருக்க, 14-ஆம் நம்பர் இரண்டே மில்லிமீட்டர். எஃகு ஊசிகளுக்கு அமெரிக்கர்கள் வைத்திருப்பது வேறொரு நம்பர் வரிசை. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த ஊசியில் எந்தத் தேசத்து நம்பர் பொறித்திருக்கிறது என்று ஆராய்ச்சி செய்வதைவிட, தண்டின் பருமனை அளந்து மில்லிமீட்டரில் குறித்துக்கொள்வது உத்தமம். ஆரம்பிப்பவருக்கு 5 மில்லிமீட்டர் ஒன்றும், 5.5 அல்லது 6 மில்லிமீட்டர் ஒன்றும் இருந்தால் போதும். முழு ஜோடனையாக ஒரு டஜன் ஊசி அடங்கிய உறையை வாங்கிவிடுகிற உற்சாகம் இயற்கைதான். அதில் பத்து ஊசிகள் வெகுகாலம் உறையை விட்டு வெளியே வரமாட்டா.

நூலைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான விவேகம் வேண்டியிருக்கிறது. தையல் சாமான் கடைக்குள் நுழைந்து, “மஃப்ளர் பின்ற மாதிரி நூல் வேணும்” என்று கேட்டால், கடைக்காரர், “உல்லனாம்மா, காட்டனா? எத்தனை பிளை?” என்று திருப்பிக் கேட்பார். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தவர் பாதிக் கடலைத் தாண்டியவர்.

நம் கடைகளில் உல்லன் என்று கொடுக்கப்படுவது, அநேகமாக, ஆட்டின் முதுகை ஒருநாளும் கண்டறியாத அக்ரிலிக் நூல். வர்தமான், ஓஸ்வால் முதலான பெயர்களோடு லூதியானாவிலிருந்து வருகிற உருண்டைகளில் பெரும் பகுதி இந்த வகைதான். இதைச் சொல்வது அதை இகழ்வதற்காக அன்று. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியார் 1941-இல் கண்டுபிடித்து, 1950 முதல் ‘ஆர்லான்’ என்று விற்க ஆரம்பித்த இந்த இழை, விலையில் சல்லிசு, நிறத்தில் பளிச்சென்றது, பூச்சி அரிக்காதது, தாராளமாய்த் துவைக்கத்தக்கது. கற்றுக்கொள்ளும்போது பலமுறை அவிழ்த்துப் பின்னினாலும் மனம் பதைக்காது. அதன் குறை சூட்டில் தெரியும். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்துவிட்டால், பின்னலின் எழுச்சி படிந்து, துணி உயிரற்ற பிசின்போல் தொய்ந்துவிடும். பிறகு அதை மீட்க வழியில்லை.

அசல் கம்பளியின் ஸ்வபாவமே வேறு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் ஈரமென்று தோன்றாமல் கதகதப்பாக இருக்கக்கூடியது அது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் குணமும் அதற்கு உண்டு, ஆகையால் பின்னுகிறவரின் கை ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்திருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் கழுத்தில் உறுத்துமா என்று பார்த்து வாங்க வேண்டும். மயிரின் கனம் முப்பது மைக்ரானைத் தாண்டினால் தோல் குறுகுறுக்கும். மெரினோ ஆட்டின் மயிர் இருபதை ஒட்டி இருப்பதால் மிருதுவாகத் தோன்றுகிறது. உருண்டையைக் கையில் வைத்துப் பார்ப்பதால் இது விளங்காது. கழுத்தோரத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சற்றுநேரம் வைத்துப் பார்ப்பதே பரீட்சை. உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ வசிப்பவர்களும், வடக்கேயோ வெளிநாட்டிலோ இருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் பின்னி அனுப்ப நினைப்பவர்களும் இந்தச் செலவைத் தாராளமாகச் செய்யலாம்.

சமவெளிகளில் இருப்பவர்களுக்குப் பருத்தியே போதும் என்பது என் அபிப்பிராயம். சென்னையிலும் மதுரையிலும் மார்கழி விடியற்காலைப் பனிக்குக் கம்பளி எதற்கு? குரோஷாவுக்கென்று விற்கும் பருத்தி நூலின் மினுமினுப்புக்கு ஒரு சிறு சரித்திரம் உண்டு. ஜான் மெர்ஸர் என்ற ஆங்கிலேயர், பருத்தியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கினால் இழை உப்பி, பலம் பெற்று, சாயத்தை நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டு, 1850-இல் அதற்கு உரிமை பெற்றார். அப்படி முக்கும்போது நூல் சுருங்கிவிடாமல் இழுத்துப் பிடித்தால் பட்டுப்போன்ற பளபளப்பும் வருகிறது என்பதை நாற்பது ஆண்டுகள் கழித்து ஹோரேஸ் லோ என்பவர் கண்டறிந்தார். மெர்ஸரைஸ்டு என்ற அந்த முத்திரையோடு ஆங்கர் நூல்கண்டு விற்கிற மதுரா கோட்ஸ் கம்பெனி, ஹார்வி சகோதரர்கள் தென்பாண்டி நாட்டில் ஸ்தாபித்த மதுரை மில்லும் ஸ்காட்லாந்துக் கோட்ஸ் கம்பெனியும் 1974-இல் இணைந்து உண்டானது. பருத்திக்கு ஒரு குறை, அது நீளாது. கையின் ஏற்ற இறக்கமெல்லாம் துணியில் அப்படியே பிரத்தியட்சமாகத் தெரியும். எடையும் அதிகம், நீளமான மஃப்ளர் தன் பாரத்தாலேயே மேலும் நீளமாகும். ஆகவே அக்ரிலிக்கில் கை பழகிய பிறகு பருத்திக்குப் போவது நல்லது. பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் கிடைத்தால் இரண்டின் நன்மையும் ஒருவாறு சேரும்.

கடைக்காரரின் இரண்டாவது கேள்வி பிளை. புரி என்று நம் நெசவாளர்கள் சொல்வதுதான் இது. எத்தனை புரிகளை முறுக்கி ஒரு நூலாக்கியது என்பது அதன் நேர்ப் பொருள். ஆனால் வியாபாரத்தில் அது பருமனைக் குறிக்கும் பெயராகவே நடமாடுகிறது. நாலு பிளை மெல்லியது, எட்டு பிளை நடுத்தரம், பத்து பிளை சற்றுத் தடித்தது. முதல் மஃப்ளருக்கு எட்டோ பத்தோ கேட்டு வாங்குங்கள். அமெரிக்க முறையில் லேபிளில் நூல்கண்டுப் படத்துக்குள் 0 முதல் 7 வரை ஓர் எண் அச்சிட்டிருக்கும்; அதில் 3 அல்லது 4 நமக்கு உரியது. இந்த எண் ஏறினால் நூல் பருக்கும். பருத்திக் கண்டுகளின் 20, 40 என்ற நம்பரோ ஏறினால் மெலியும். நம் நூற்பாலைகளின் கவுண்ட் கணக்கும் இவ்விதமே: ஒரு பவுண்டு பஞ்சில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணுவதால், எண் பெரிதானால் நூல் நுண்ணியதாகிறது.

லேபிளைத் தூக்கி எறிவது பலரும் செய்கிற பிழை. இழை இன்னது, எடை இவ்வளவு, நீளம் இத்தனை மீட்டர், எந்த ஊசி பொருந்தும், எப்படித் துவைக்கலாம் என்பவற்றோடு, சாய லாட் எண் ஒன்றும் அதில் இருக்கும். ஒரே நிறப் பெயர் போட்டிருந்தாலும் இரண்டு தடவையாகச் சாயம் போட்ட நூல்களில் ஒரு நூலிழை அளவு வித்தியாசம் வந்தே தீரும். கடையின் டியூப் லைட்டில் தெரியாத அது, மஃப்ளரின் நடுவில் வெயிலில் கோடு கிழித்ததுபோல் தெரியும். எனவே தேவையான உருண்டைகளை ஒரே லாட்டில் ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: கறுப்பும் கருநீலமும் வேண்டாம், விளக்கொளியில் கண்ணியே தெரியாது. பஞ்சுபோல் மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் ஒய்யாரமான நூல்களும் வேண்டாம். கண்ணியை மறைப்பது மட்டுமின்றி, அவிழ்க்கப் போனால் சிக்கி உயிரை வாங்கும். மஞ்சளோ வெளிர் பச்சையோ, வழுவழுப்பாய், நன்றாக முறுக்கேறிய நூலாகப் பார்த்து எடுங்கள். முறுக்குத் தளர்ந்த நூலில் கொக்கி புரிகளைப் பிளந்துகொண்டு பாதியை மட்டும் இழுத்துவரும். ஒரு முழம் பிரித்து, இரு விரலால் நுனியை உருட்டிப் பார்த்தால் அதன் சுபாவம் தெரிந்துபோகும்.

சாமான் சேர்ந்தாயிற்று. ஊசியைப் பேனா பிடிப்பதுபோலவும் பிடிக்கலாம், காய் நறுக்கும் கத்தியைப் பிடிப்பதுபோலவும் பிடிக்கலாம், இரண்டும் சரியே. வலது கைக்குத்தான் வேலையென்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையான சூட்சுமம் இடது கையில் இருக்கிறது. சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின்மேல் ஏற்றிவிட்ட நூல், அறுந்துபோகும்படி இறுகாமலும் தொங்கும்படி தளராமலும் ஒரே நிதானத்தில் ஊசிக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். மல்லிகைப் பூத் தொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த நிதானம் ஏற்கெனவே விரலில் இருக்கிறது: காம்பு நசுங்காமல், பூவும் உதிராமல் நாரை இழுக்கிற அதே அளவான இழுப்பு.

நூலின் நுனியில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றி, கொக்கியால் கவ்வி, மாட்டியிருக்கும் கண்ணியின் ஊடே இழுத்தால் ஒரு சங்கிலி ஆயிற்று. இதையே தொடர்ந்து போட்டுக்கொண்டுபோவது அடிச் சங்கிலி. அதன் ஒரு முகம் சடைப்பின்னல்போல் இரட்டை இழையாகவும், புறமுகம் சிறு சிறு மேடுகளாகவும் இருக்கும். கடைசிச் சங்கிலிக்கு முந்தியதில் ஊசியை நுழைத்து, நூலைக் கவ்வி இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணிகள் நிற்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் ஊடேயும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால் ஒற்றைப் பின்னல். ஊசியை நுழைக்கும் முன்பே நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பிறகு மூன்று கண்ணிகளை இரண்டிரண்டாக இரண்டு இழுப்பில் தீர்த்தால் உயரமான இரட்டைப் பின்னல். குரோஷாவின் சகல விசித்திரங்களும் இந்த இரண்டு மூன்று அசைவுகளின் சேர்க்கையே. ஓர் எச்சரிக்கை மட்டும்: நான் ஒற்றை, இரட்டை என்று சொன்னது அமெரிக்க வழக்கு. அவர்களுடைய சிங்கிள் குரோஷாதான் பிரிட்டிஷ் புத்தகங்களில் டபிள் குரோஷா. அவர்களுடைய டபிள், இவர்களுக்கு டிரெபிள். எந்த நாட்டுப் புத்தகம் என்று பாராமல் ஆரம்பித்தால் துணி பாதி உயரமாகவோ இரு மடங்காகவோ வந்து நிற்கும்.

அடிச் சங்கிலியை இறுக்கமாகப் போடுவது புதியவர்களின் பொது ரோகம். விளிம்பு குறுகி, மேலே போகப் போகத் துணி விசிறியாக விரியும். அடிச் சங்கிலிக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் ஊசியை உபயோகித்துவிட்டு, பிறகு 5 அல்லது 5.5-க்கு மாறிக்கொண்டால் இது தீரும். லேபிளில் கண்டிருக்கும் அளவைவிட அரையோ ஒன்றோ மில்லிமீட்டர் பெரிய ஊசியையே ஸ்கார்ஃபுக்கு எடுக்க வேண்டும் என்பதும் அனுபவஸ்தர்கள் அறிந்தது. குரோஷாத் துணி நிட்டிங் துணியைவிடக் கெட்டியானது, சின்ன ஊசியில் நெருக்கிப் பின்னினால் கழுத்தைத் தழுவாமல் அட்டைபோல் விறைத்து நிற்கும்.

ஆகவே முதலில் பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குச் சற்றுப் பெரிதாக ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பது அவசியம். இதைச் செய்யச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. ஆனாலும் இந்தச் சிறு துண்டு சொல்லும் சங்கதிகள் பல. துண்டைக் கையில் தொங்கவிட்டால் துவள்கிறதா, நிற்கிறதா என்பது தெரியும். பத்து சென்டிமீட்டருக்குள் 14 பின்னல் வந்தால், 18 சென்டிமீட்டர் அகலத்துக்கு 25 பின்னல் வேண்டும் என்று கணக்கு வந்துவிடும். அந்தப் பத்துக்குப் பத்துச் சதுரம் 6 கிராம் நிறுத்தால், 160 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 29 சதுரங்கள், அதாவது 175 கிராம் நூல். குஞ்சத்துக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 200 கிராமாக வாங்கிவிடலாம். நீளத்துக்குப் பொதுவான விதி, அணிகிறவரின் உயரமளவு.

பின்ன ஆரம்பித்துப் பத்து வரிசை போனதும் வருகிற பெரிய விபத்து ஒன்று உண்டு. துணி ஒரு பக்கமாக ஒடுங்கிக்கொண்டே வந்து, மஃப்ளராக வேண்டியது கொடியாக மாறுவதைக் கண்டு, கை இறுகிவிட்டது என்று எண்ணி மேலும் தளர்த்திப் பின்னுவார்கள், அதனால் குணமாகாது. கை இறுகியதாலன்று, எண்ணிக்கை குறைந்ததால் நேர்ந்தது அது. இரட்டைப் பின்னலில் ஒவ்வொரு வரிசையின் ஆரம்பத்திலும், புதிய வரிசையின் உயரத்துக்கு ஏறுவதற்காக மூன்று சங்கிலிகள் போடுகிறோமல்லவா? அந்த மூன்றும் சேர்ந்து ஒரு பின்னலாகக் கணக்கில் உண்டு. திரும்பி வரும்போது, வரிசையின் கோடியில், அது பின்னலைப்போலத் தோன்றாததால், அதைப் பின்னாமலேயே விட்டுவிடுகிறார்கள். வரிசைக்கு ஒன்றாக எண்ணிக்கை தேய்கிறது. மறுபுறத்தில், மூன்று சங்கிலிக்கு நேர் அடியிலுள்ள பின்னலிலும் ஊசியை நுழைத்துவிட்டால், வரிசைக்கு ஒன்று ஏறும். இதற்குப் பரிகாரம் மிகவும் எளிது. திரும்பும் சங்கிலியின் மூன்றாவது கண்ணியில் ஒரு ஸேஃப்டி பின்னைக் குத்தி வைத்து, அடுத்த வரிசையின் கடைசிப் பின்னலை அந்தப் பின் இருக்கும் இடத்தில் போட்டுவிட்டு, பின்னை மேலே மாற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் இருபது வரிசைக்கு, ஒவ்வொரு வரிசை முடிவிலும் 25 இருக்கிறதா என்று வாய்விட்டு எண்ணுங்கள். பேச வருகிறவர்களைக் கையமர்த்தி நிறுத்தினாலும் தவறில்லை.

உருண்டை தீர்ந்து புது நூலைச் சேர்க்கும்போது, முடிச்சுப் போட்டு ஒட்டவைக்கும் பழக்கம் வேண்டாம். அது கழுத்தில் உறுத்தும், என்றேனும் அவிழவும் செய்யும். வரிசையின் விளிம்பில், கடைசிப் பின்னலின் இறுதி இழுப்பைப் புது நூலால் இழுத்துவிட்டு, இரண்டு நுனிகளையும் ஒரு சாண் நீளம் தொங்கவிட்டுத் தொடர வேண்டும். எல்லாம் முடிந்தபின், மொக்கை முனையும் பெரிய காதும் உள்ள ஊசியில் அந்த நுனிகளைக் கோத்து, பின்னல்களுக்குள் ஒரு திசையில் ஓட்டி, மறுபடி எதிர்த் திசையில் திருப்பி ஓட்டிக் கத்தரித்துவிட்டால் பிறகு வெளியே தலை காட்டாது.

முடிந்த மஃப்ளர் கம்பளியோ பருத்தியோ ஆனால், குளிர்ந்த நீரில் சற்றே ஊறவைத்து, முறுக்காமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை வாங்கிவிட்டு, பாயின்மேல் அளவுக்கு நீட்டிப் பரப்பி உலரவிட்டால் ஓரங்கள் நேராகும். கொடியில் தொங்கவிடக் கூடாது. கம்பளியை வெந்நீரில் அலசித் தேய்த்தால், மயிரின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று பிணைந்து, முழு மஃப்ளர் குழந்தைக்குக்கூடப் போதாத தடித்த துண்டாகச் சுருங்கிவிடும். அக்ரிலிக்கை நனைத்து நிழலில் உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குஞ்சம் கட்டுவது இஷ்டத்தைப் பொறுத்தது. கட்டுவதாக இருந்தால், அதற்குரிய நூலை மஃப்ளர் முடிந்த பிறகு தேடாமல், முதல் நாளே தனியாக வெட்டி வைத்துவிடுங்கள். பன்னிரண்டு அங்குல அட்டை ஒன்றில் நூலைச் சுற்றி, ஒரு பக்கமாகக் கத்தரித்தால் ஒரே நீளமான துண்டுகள் வரும். மும்மூன்றாக எடுத்து இரண்டாக மடித்து, மடிப்பைக் கொக்கியால் விளிம்புக் கண்ணியின் ஊடே இழுத்து, நுனிகளை அந்த மடிப்புக்குள் செலுத்தி இறுக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு கண்ணியில் கட்டினால் பார்வைக்குப் போதுமான அடர்த்தி கிடைக்கும். எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகே, ஓர் அளவுகோலை வைத்து நுனிகளைச் சமமாகக் கத்தரிக்க வேண்டும்.